கூட்டிச் சொன்ன மாதம்

படகில் ஓட்டி இருந்தார். தீவு ஆஸ்பத்திரித் தாதி இருந்தார். என் மனைவி படுத்திருந்தாள். அவள் தலைமாட்டில் மாமி, அவளைப் பெற்றவர். கால்மாட்டில் நான்.

பிரசவ நோ முதல்நாள் காலையே தொடங்கிவிட்டது. சோளகக் காற்றில் கடல் கொந்தளித்தது, படகு விடவில்லை. நெடுந்தீவுப் பெண்கள் இதற்குப் பயந்துதான் கிளினிக்கில் ஒரு மாதம் கூட்டிச் சொல்வார்கள். காற்றுக்கு முன்னமே யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் வாட்டுக்கு எடுப்பார்கள் என்று. மாமியும் அப்படிச் சொல்லியிருந்தது எனக்குத் தெரியாது. ஸ்கான் எடுக்கவேண்டிய நாளிலும் படகு ஓடவில்லை. இந்த முறை காற்று முந்திவிட்டது.

தீவு டொக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். சின்னனாக இருக்கிறதே, மாதம் சரிதானா என்று கேட்டார். மாமி ஒன்பது நடக்கிறது என்றார். அப்படியென்றால் பிள்ளையின் சுவாசத்துக்கு ஊசி தேவையில்லை என்றார் டொக்டர். ஒரு இரவு அங்கே கிடந்தாள். விடியக் காற்றுக் கொஞ்சம் தணிந்த பிறகுதான் படகு விட்டார்கள்.

நடுக்கடலில் மனைவி முனகினாள். ஓட்டி திரும்பிப் பார்த்தார்.

"பயப்பிடாதை தங்கச்சி. எங்கட பொம்பிளையள் பதினொரு மாசம் சுமக்கிறவையள்."

தாதி வெளியூர். அவருக்கு விளங்கவில்லை. மாமி சிரிக்கவில்லை.

யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்ததும் பெண்பிள்ளை பிறந்தது. அழவில்லை. மூச்சுக்கு மூச்சு நெஞ்சு உள்ளே இழுத்தது. பிள்ளை வாட்டு டொக்டர் வெளியே வந்து, உண்மையில் எத்தனை மாதம் என்று கேட்டார்.

"எட்டுத் தொடங்கினதுதான் ஐயா," என்றார் மாமி. "உள்ளதைச் சொன்னா, இன்னும் நாள் கிடக்கெண்டு படகு தரமாட்டினம் எண்டு நினைச்சன்."

டொக்டர் ஏசவில்லை. சுவாசப்பைக்குள் சின்னச் சின்னக் காற்றுப் பைகள் இருக்கின்றன, அவை ஒட்டிப்போகாமல் சவர்க்கார நுரை போல ஒன்று பூசியிருக்கும் என்றார். அதைச் செய்யும் கட்டளை கரு உண்டான நாளிலிருந்தே மரபணுவில் கிடக்கிறதாம். மாதம் ஏறத்தான் அது திறக்குமாம். தாய்க்கு ஊசி போட்டால் மாதத்துக்கு முன்னமே வேளைக்குத் திறக்குமாம். அதற்கு ஒரு நாள் போதும் என்றார்.

அந்த ஒரு நாள் எங்களிடம் இருந்தது.

குழாயால் மருந்து விட்டார்கள். பிள்ளையின் முகம் கொஞ்சம் சிவந்தது. மறுநாள் பின்னேரம் மூச்சு முடிந்தது.

மாமி தேத்தண்ணி கொண்டுவந்தார். மனைவி வாங்கிக் குடித்தாள்.

மனைவியை வாட்டால் விட்ட பிறகு குறிகட்டுவான் படகுத்துறைக்கு வந்தோம். கடல் தணிந்து கிடந்தது. படகுக்காரன் உயிர்காப்பு அங்கி எடுக்கக் குனிந்தபடி, எத்தனை பேர் என்று கேட்டான்.

மூன்று.