பெரியப்பாவின் விதிச் சீட்டு

ஏப்ரல் பாதியில் மீன்பிடித் தடை வந்துவிட்டால் காசிமேட்டின் மீன் வாடை அடங்கி, கரையேற்றிய லாஞ்சுகளுக்கு அடிக்கிற பெயின்ட் வாடை கல்மண்டபத்தில் எங்கள் வீட்டு மாடிவரை ஏறி வரும். கடலுக்குப் போக முடியாத ஆம்பளைகள் வீட்டில் ‘பேஜாரு’ பண்ணிக்கொண்டு கிடக்கிற நாட்கள் அவை. எனக்குப் பதினொரு வயதான வருஷம், லாஞ்சு ஓட்டுகிற என் பெரியப்பா, பழைய பேனர் ஒன்றின் வெள்ளைப் பக்கத்தில் கோட்டைகளும் ஆறும் காடும் வரைந்து, எனக்கும் தன் இரண்டு மகன்களுக்குமாக ஒரு ராஜா ஆட்டம் கண்டுபிடித்தார்.

தாயக்கட்டை உருட்டி நிலம் பிடிக்க வேண்டும். புளியங்கொட்டைதான் படை, வேர்க்கடலைதான் களஞ்சியத்துத் தானியம். மூன்று சுற்றுக்கு ஒருமுறை பெரியப்பா மிட்டாய் டப்பாவைக் குலுக்கி நீட்டுவார். அதிலிருந்து ‘விதிச் சீட்டு’ ஒன்று எடுக்க வேண்டும். நல்ல விளைச்சல் என்றால் படை இரட்டிப்பு, கொள்ளைநோய் என்றால் பாதிப் படை காலி. தடை முடியும்போது யார் பெரிய ராஜாவோ அவரை லாஞ்சில் கடலுக்குக் கூட்டிப்போவதாகச் சத்தியம் செய்தார்.

“பொண்ணுன்னாலுமா பெரிப்பா?” என்று கேட்டேன்.

“ஆட்டத்துல இன்னாடி ஆணு பொண்ணு?” என்றார். நம்பினேன்.

சும்மா சொல்லக்கூடாது, நான் நன்றாகவே ஆடினேன். ஆற்றோரத்தை முதலில் பிடித்தேன், தானியம் சேர்த்தேன். அண்ணன்களோ தங்கள் களஞ்சியத்தைத் தின்றே தீர்த்தார்கள். ஆனாலும் அவர்களுக்கு விளைச்சலாக வரும், எனக்குக் கொள்ளைநோய், தீ, வறட்சி, படைக்கலகம், மறுபடி கொள்ளைநோய். “இன்னா பண்றது, உன் ராசி அப்டி கீது” என்று பெரியப்பா உச்சுக்கொட்டுவார். அண்ணன்கள் எனக்குப் ‘பீடை ராணி’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். கையை மாற்றி எடுத்தேன், மாதாவை வேண்டிக்கொண்டு எடுத்தேன், ஒன்றும் நடக்கவில்லை.

தடை முடிந்து லாஞ்சு கிளம்பிய விடியலில் பெரிய அண்ணன் போனான். வழியனுப்பக்கூட நான் கரைக்குப் போகவில்லை. என் கண் பட்டு லாஞ்சுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மத்தியானம் பெரியம்மா மாடியைப் பெருக்கச் சொன்னார். அங்கே ஆட்டத்தின்போது பெரியப்பா சாய்ந்து உட்காரும் வலைக்குவியலுக்குள் இன்னொரு மிட்டாய் டப்பா இருந்தது. அதே நிறம், அதே அளவு. எல்லாச் சீட்டையும் பிரித்தேன். நோய், தீ, வறட்சி, கலகம். பேருக்கு ஒரு விளைச்சல்கூட இல்லை. என் முறை வரும்போது மட்டும் டப்பா மாறியிருக்கிறது.

சாயங்காலம் கரை திரும்பியவர் முன்னால் அத்தனையையும் கொட்டினேன்.

“பொட்டப்புள்ளய லாஞ்சுல இட்டுகினு போனா ஊரு இன்னா பேசும்? மூஞ்சிக்கு நேரா சொன்னா அழுவ. அதான்” என்று சிரித்தார். வீடே சேர்ந்து சிரித்தது.

நேராகச் சொல்லித் தொலைத்திருக்கலாமே! கெட்டது யார் தலையிலும் விழலாம் என்பதால்தான் அதைப் பொறுத்துக்கொண்டு அடுத்த சுற்றுக்குக் கட்டையைக் கையில் எடுக்கிறோம். ஒருத்தி தலையில் மட்டும் விழ ஏற்பாடு பண்ணிவிட்டு, அதற்கு ராசி என்று பெயர் வைப்பது அயோக்கியத்தனம். போகக் கூடாது என்றிருந்தால் அவரோடு சண்டை போட்டிருப்பேன். ராசி என்றதால் என்னோடேயே சண்டை போட்டேன். டப்பாவைப் பார்த்த பிறகும் அந்தப் பயம் போகவில்லை; தோழிகளின் கல்யாணத்தில் முன்வரிசையில் நிற்க எத்தனையோ வருஷம் கூசியிருக்கிறேன்.

இப்போது அந்த லாஞ்சை விற்றாயிற்று. மாடி வீட்டை இடித்து மூன்று அடுக்காகக் கட்டியாயிற்று. பிள்ளைகள் கோட்டை பிடிப்பதெல்லாம் செல்போனில்தான். போன ஞாயிறு பூசை முடிந்து வந்த பெரியப்பா, என் மகளின் செல்லை எட்டிப் பார்த்து, “ஐயே, கோட்டை பத்திகினு எரியுதே! உங்கம்மா ராசிதான் உனுக்கும்” என்றார்.

“அந்த வார்த்தைய இந்த வூட்ல சொல்லாதீங்க” என்றேன்.

“சும்மா தமாசுக்கு…”

மகள் தலை நிமிரவில்லை. “தீ எல்லாருக்குந்தான் வரும் தாத்தா. நான் கெணறு வெட்டி வெச்சிகீறேன்” என்றாள்.

பெரியப்பா டீக்காக ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். நான் போடவில்லை.