ஹஃப்னாவியின் வலப்பக்கம்

முடிதிருத்தும் நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, தாடையில் சோப்பு நுரையோடு கிடக்கும்போதும் ஹஃப்னாவியின் வலது கால் திடீரென்று தரையை ஓங்கி மிதிக்கும். வெளியே தெருமுனையில் ஏதோ ஒரு கார் வேகமாகத் திரும்பியிருக்கும், அவ்வளவுதான். முடிதிருத்துபவர் கத்தியை விலக்கிக்கொண்டு, "ஷேக், என் கடைக்குச் சக்கரம் கிடையாது," என்பார்.

"சக்கரம் இல்லேன்னா என்னப்பா, கத்தி இருக்கே. பாத்து ஓட்டு," என்று நுரைக்குள்ளிருந்து பதில் வரும்.

பள்ளிவாசலில் பிரசங்கம் கேட்கும்போதும் அந்தக் கால் சும்மா இருக்காது. வீட்டில் தொலைக்காட்சிக்கு எதிரே அவர் உட்காரும் இடத்தில் கம்பளம் உள்ளங்கை அகலத்துக்குத் தேய்ந்துவிட்டது. மனைவி தலீலா அதை இரண்டு தடவை திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் விட்டுவிட்டாள்.

முப்பத்தொரு வருடமாகத் துனீசிய எல்லையோரத்துச் சூக் அஹ்ராஸ் நகரத்துக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர் அவர்; ஊரார் வாயில் 'ஷேக்', அதாவது வாத்தியார். வீட்டு முன் அறையில் பாடம். வாசலில், கூரைமேல் பயிற்சிப் பலகை வைத்த வெள்ளை ரெனோ கார். அந்த நாட்டில் ஓட்டுகிறவருக்கு இடது இருக்கை; அவர் உட்காரும் வலது இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச். உள்ளே முகப்புப் பலகையில் அரை டம்ளர் காபியை வைத்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கச் சொல்வார். சிந்தினால் மறுபடி முதலிலிருந்து. "தூங்குற பிள்ளை மேலேர்ந்து கையை எடுக்கிறாப்ல கிளட்ச்சை விடு. முழிச்சிக்கிச்சா? போச்சு, இனி நீயே தாலாட்டு." வலது பக்கம் திரும்பும்போது பக்கக் கண்ணாடியை மட்டும் பார்த்தவனுக்கு மண்டையில் ஒரு தட்டு விழும். "கண்ணாடி பொய் சொல்லும்டா. கழுத்து பொய் சொல்லாது. திருப்பு!" அவரிடம் படித்த இளவட்டங்கள் எல்லாம் ஆந்தை மாதிரி தலையை முழுசாகத் திருப்பித்தான் வண்டியை ஒடிப்பார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம், துனீசியப் போலீஸ்காரர்கள்கூட அதை வைத்தே ஊரைச் சொல்லிவிடுவார்களாம்.

அவருடைய சாம்பல் நிறக் கோட்டில் வலது தோளில் மட்டும் எப்போதும் சுண்ணாம்பு ஒட்டியிருக்கும். வாசல் நிலைகளை இடித்துக்கொண்டே நடப்பார். விருந்தாளிக்குக் காபி ஊற்றினால் முதல் சொட்டு டம்ளருக்கு வெளியே விழும். "தட்டுக்கும் தாகம் எடுக்கும்ல," என்று அவரே சிரித்துவிடுவார்.

இத்தனை பேருக்கு வண்டி கற்றுக்கொடுத்தவர் நாற்பது கிலோமீட்டரில் இருக்கும் எல்லையை ஒரு தடவைகூடத் தாண்டியதில்லை. கோடை வந்தால் ஊரே துனீசியக் கடற்கரைக்குப் படையெடுக்கும். கிளம்புகிறவர்கள் அவரிடம்தான் டயரைக் காட்டி, காகிதங்களைச் சரிபார்த்துக்கொண்டு போவார்கள். நீங்க ஏன் வரலை என்று கேட்டால், "அன்னாபாவுல கடல் வத்திப்போச்சா?" என்பார். உண்மையில் அன்னாபாவுக்கும் போய் வருடங்கள் ஆயிற்று. நீண்ட தூரம் ஓட்டினால் தலை வலிக்கிறது என்று தலீலாவிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

அவர்களுடைய ஒரே மகள் ஷாஹினாஸ், இரண்டு வருடம் முன்பு எல்லைக்கு அப்பால் கெஃப் நகரத்து மோந்தரைக் கட்டிக்கொண்டு போனாள். மாப்பிள்ளை வீட்டு ஊர்வலத்தோடு பெண்ணைப் பெற்ற தகப்பன் போகிற வழக்கமில்லை, ஹஃப்னாவியும் போகவில்லை. அதற்குப் பிறகும் போகவில்லை. இப்போது அவளுக்கு மாதம் நெருங்கிவிட்டது. ஒரு நாள் போனில் அழுதாள்.

"பாபா, என் மாமியார் என்ன சொல்றாங்க தெரியுமா? 'உங்கப்பா ஊருக்கே ஓட்டக் கத்துக்கொடுத்தாராம், எண்பது கிலோமீட்டர் அவருக்கு ஓட்டத் தெரியாதா'ன்னு சபையில கேக்கறாங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். புள்ள பொறக்கறப்ப உங்க கார் என் வாசல்ல நிக்கணும்."

"நிக்கும்மா," என்றார். அன்று மதியமே ஆரம்பித்துவிட்டார்.

பிரேக் கட்டைகள் மாற்ற மெக்கானிக் ஜல்லூலை வீட்டுக்கே வரவழைத்தார். ரவை மூட்டை, தேன், வெண்ணெய், பிள்ளை பெற்றவளுக்கு வேண்டியது எல்லாவற்றையும் பின்பெட்டியில் ஏற்றி, சுமையில் முன்விளக்கு மேலே பார்க்கிறதா என்று சுவரில் அடித்துப் பார்த்து, மறுபடி இறக்கினார். காகிதங்களை மூன்று நகல் எடுத்தார். கடைசியில் முற்றத்தில் இரண்டு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, தலீலாவைச் சுங்க அதிகாரியாக நிற்கச் சொன்னார்.

"எங்க போறீங்க?" என்று கேட்டாள் தலீலா, கையில் கரண்டியோடு.

"பொண்ணு வீட்டுக்கு."

"பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போறீங்களே, அனுமதி இருக்கா?"

"தலீலா, விளையாடாதே."

"சரி, லைசென்ஸைக் காட்டுங்க."

அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்தது மடிப்பில் கிழிந்து நான்கு துண்டாகத் தொங்கும் இளஞ்சிவப்புக் காகிதம். தலீலா அதைக் கரண்டி நுனியால் தொட்டாள். "இதைக் காட்டினா அவங்க தாயத்துன்னு நெனச்சுக் கண்ணுல ஒத்திக்குவாங்க. புதுசு வாங்குங்க."

புது அட்டைக்கு மருத்துவச் சான்றிதழ் வேண்டும். இதுவரை அந்தச் சான்றிதழைக் கொடுத்துவந்த டாக்டர் அவருடைய பழைய மாணவர். காபி ஊற்றிக் கொடுத்து, "எனக்கு ரோட்டைக் காட்டினவர் நீங்க, உங்க கண்ணையா நான் சோதிக்கணும்?" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். ஊரில் மரியாதை என்றால் அதுதான். அந்த டாக்டர் ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய நாற்காலியில் கான்ஸ்டன்டைனிலிருந்து வந்த இளம் டாக்டரம்மா. அவளுக்கு ஷேக் என்றால் யாரென்று தெரியாது. அவள் காபியும் தரவில்லை.

"இடது கண்ணை மூடிக்கிட்டு எழுத்தைப் படிங்க."

ஹஃப்னாவி உள்ளங்கையால் இடது கண்ணை மூடினார். கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

"டாக்டரம்மா, கரண்டு போயிடுச்சா?"

மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் அவருக்கு நன்றாகக் கேட்டது.

"கரண்டு இருக்குங்க," என்றாள் அவள். குரல் மாறியிருந்தது. விளக்கடித்துப் பார்த்தாள், கருவியில் தாடையை வைக்கச் சொல்லி மறுபடி பார்த்தாள். "வலது கண்ணுல பார்வையே இல்ல. நேத்து இன்னைக்குப் போனதில்ல. உள்ள அழுத்தம் கூடி, நரம்பு கொஞ்சங்கொஞ்சமா செத்திருக்கு. வலிக்காது, அதான் தெரியல. எட்டு வருசம் இருக்கலாம், பத்தும் இருக்கலாம். இடது கண்ணையாவது காப்பாத்தணும், இன்னைக்கே சொட்டு மருந்து ஆரம்பிங்க. சான்றிதழ்ல நான் கையெழுத்துப் போட முடியாது." பேனாவை எடுத்தவள் நிமிர்ந்து கேட்டாள்: "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"பக்கத்துல உக்காந்திருக்கிற வேலை," என்றார்.

வெளியே வந்தவர் வீட்டுக்குப் போகவில்லை. சந்தைச் சதுக்கத்தின் மூலையில், கார்கள் வலப்பக்கம் ஒடிக்கும் இடத்தில், ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரொட்டிக்கடைக்காரரின் வண்டி வந்தது. கண்ணாடியைப் பார்த்துத் திரும்பியது. அவர் இவரிடம் படித்து இருபது வருடம் இருக்கும். பள்ளித் தலைமை ஆசிரியை, அவளும் கண்ணாடிதான். பின்னால் மருந்துக்கடைப் பையன் வந்தான். தலையை முழுசாகத் திருப்பினான். ஐந்து வருடம் முன்பு படித்தவன். அடுத்து ஒரு கண்ணாடி. அப்புறம் ஒரு கழுத்து, இன்னொரு கழுத்து. ஹஃப்னாவிக்கு எல்லோருடைய பெயரும் தெரியும், எந்த வருடம் பரீட்சை எழுதினார்கள் என்பதும் தெரியும். மூத்தவர்களுக்கு அவர் கண்ணாடியைக் கற்றுக்கொடுத்திருக்கிறார். கழுத்தைப் பற்றி அவர்களிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. கழுத்து பின்னால்தான் வந்தது. என்றைக்கு வந்தது என்று இப்போது விரல் விட்டு எண்ணிச் சொல்ல முடிந்தது. டாக்டரம்மாவுக்குத் தெரியாத கணக்கு தெருவில் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தது.

யாரோ "ஷேக்! ஷேக்!" என்று வலப்பக்கமிருந்து கூப்பிட்டார்கள். தலையை முழுசாகத் திருப்பினார். திருப்பிய பிறகுதான் தான் செய்ததை உணர்ந்தார். கூப்பிட்டது யாரென்று பார்க்காமலே நடக்கத் தொடங்கினார்.

வீட்டு வாசலில் ஜல்லூல் காருக்கு அடியில் கிடந்தான். விஷயத்தைக் கேட்டதும் தலையை மட்டும் வெளியே நீட்டினான். "இதுக்கா முகம் வெளுத்துப்போய் வர்றீங்க ஷேக்? பழைய டாக்டர் வீட்டுலதான் இருக்கார். அவர் முத்திரையும் வீட்டுலதான் இருக்கும். ஒரு காபி, ஒரு கையெழுத்து. பழைய தேதி போட்டுக்கலாம்."

ஹஃப்னாவி போனை எடுத்தார். எண்ணைத் தேடியும் விட்டார். தலீலா வந்து அதைக் கையிலிருந்து பிடுங்கினாள்.

"மனுசா, அங்க எம் பொண்ணு ரெண்டு உசிரோட காத்திருக்கா. நீங்க பாதி ரோட்டைப் பாத்துக்கிட்டா போய்ச் சேரப் போறீங்க?"

"வாடகை வண்டியில போய் இறங்கச் சொல்றியா? அந்தச் சம்பந்தியம்மா வாசல்லயே நிப்பா. நான் வாக்குக் குடுத்திருக்கேன். என்னை விட்டா யாரு ஓட்டுவா?"

தலீலா உள்ளே போனாள். தையல் இயந்திரத்தின் இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, பொத்தான் போட்டு வைக்கும் பிஸ்கட் டப்பாவை அவர் மடியில் வைத்தாள். பொத்தான்களுக்கு அடியில் ஒரு லைசென்ஸ் கிடந்தது. அதிலிருந்த படத்தில், அவர் பெருநாளுக்கு வாங்கிக் கொடுத்த நீல முக்காட்டில் தலீலா.

ஹஃப்னாவி அதை இடது கண்ணருகே கொண்டுபோய்ப் பிடித்தார். தேதியைப் படித்தார். ஒன்பது வருடம்.

"யாரு கத்துக்கொடுத்தது?" என்றார்.

"ஸத்ராத்தா ஊர்ல கார் ஸ்கூல் வச்சிருக்காரே, தௌஃபீக்."

அவர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "தௌஃபீக்கா? கிளட்ச்சைச் செங்கல் மாதிரிப் போடுவானே, அவனா? திங்கக்கிழமை ஆனா தங்கச்சி வீட்டுக்குப் போறேன், தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னு..."

"தங்கச்சி வீட்டுக்கும் போனேன்." அவள் அவருக்கு இடப்பக்கமாக வந்து உட்கார்ந்தாள். "கார்தான் அவரோடது. பாடம் உங்களோடது. நீங்க முன் அறையில கத்தறது என் அடுப்படிச் சுவர்ல விழாதா? பரீட்சை வச்சவரே கேட்டுட்டார், 'கழுத்து இப்படித் திரும்புதே, ஹஃப்னாவிகிட்டயா படிச்சே'ன்னு. தௌஃபீக் மூஞ்சியப் பாத்திருக்கணும்."

காருக்கு அடியிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. "நீ வேலையப் பாருடா," என்றாள் தலீலா.

"எதுக்கு?" என்றார் ஹஃப்னாவி. "எதுக்கு இப்படிப் பண்ணினே?"

"நிலையில இடிக்கிறீங்க. காபிய வெளிய ஊத்தறீங்க. டாக்டரைப் பாருங்கன்னா, 'எனக்கா?'ன்னு சிரிக்கிறீங்க. கண்ணுன்னு எனக்குத் தெரியாது. ஏதோ ஒண்ணுன்னு தெரிஞ்சுது. என்னைக்காவது ஒரு நாள் வேணும்னு கத்துக்கிட்டேன்."

"ஒம்பது வருசம் ஓட்டாம..."

"எதை ஓட்ட? சாவி உங்க பையில."

ஹஃப்னாவி பையிலிருந்து சாவியை எடுத்து, இரண்டு பேருக்கும் நடுவில் படியில் வைத்தார். தலீலா அதைத் தொடவில்லை.

"ஜல்லூல்," என்று கூப்பிட்டாள். "வலது பக்கத்துப் பிரேக்கையும் கிளட்ச்சையும் கழட்டு. அது இருந்தா நான் வண்டிய எடுக்க மாட்டேன்."

ஜல்லூல் ஷேக்கைப் பார்த்தான். பிறகு கழற்றினான்.

அதற்குப் பிறகு அந்த முன் அறையில் பாடம் நடக்கவில்லை. ஆறு நாள், விடிந்ததும் சந்தை கூடுமுன் இரண்டு பேரும் அன்னாபா சாலையில் பழகினார்கள். காபி டம்ளரை முகப்பில் வைத்தது தலீலாதான். முதல் நாள் முழுக்கக் காபியும் சிந்தியது, திட்டும் விழுந்தது. நான்காம் நாள் டம்ளர் அசையவில்லை. அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஏழாம் நாள் காலை, பக்கத்து வீட்டுப் பெண் காருக்குப் பின்னால் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றி வழியனுப்பினாள். ஷாஹினாஸுக்கு இன்னும் வலி எடுக்கவில்லை என்று மோந்தர் போனில் சொன்னான். எல்லைச் சாவடியில் பாஸ்போர்ட்டை வாங்கிய இளைஞன் அவரிடம் படித்தவன்; குனிந்து உள்ளே பார்த்து, முகமெல்லாம் சிரிப்பானான். "ஷேக்! நீங்களா? அம்மாவுக்கும் இன்னைக்குப் பரீட்சையா? பாஸா, ஃபெயிலா?"

"இன்னும் ரோடு மிச்சமிருக்கு," என்றார் ஹஃப்னாவி.

அந்தப் பக்கம் இறக்கத்தில் ஒரு வைக்கோல் லாரி குறுக்கே வந்தது. அவருடைய வலது கால் ஓங்கி மிதித்தது. அடியில் வெறும் கம்பளம். திடுக்கிட்டுத் திரும்பினார்; வண்டி ஏற்கெனவே மெதுவாகிவிட்டிருந்தது. தலீலா அவரைப் பார்க்கவில்லை. அடுத்த வளைவிலும் மிதித்தார். கெஃப் மலை கண்ணில் படும்வரை அந்தக் கால் எத்தனையோ தடவை ஒன்றுமில்லாததை மிதித்தது.

ஷாஹினாஸின் தெரு வலப்பக்கம் பிரிந்தது. மாடியில் யாரோ நின்று கையசைத்தார்கள். தலீலா வேகத்தைக் குறைத்து, திரும்பும் விளக்கைப் போட்டு, தலையை முழுசாக வலப்பக்கம் திருப்பினாள். அவள் பார்வையை மறைக்காமல் ஹஃப்னாவி இருக்கையில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். பிறகு குனிந்து, வலது கால் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அந்தக் காலை மடித்துத் தன் அடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.