ஈரச் சாக்கு

செந்துறையில் ஒரு மாட்டுக் கொட்டகையில், வெயில் தாங்காமல் இரைத்த பசுவின் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். வெப்பம் கறவை மாடுகளை எப்படி வாட்டுகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. வீட்டுக்கார அக்கா அதன் முதுகில் ஈரச் சாக்கைப் போர்த்தினார். அந்தச் சணல் வாசனை என்னை எட்டு வயதுக்கு இழுத்துப்போனது.

அன்று எங்கள் சினைப்பசு செவலை நுரை தள்ளிச் சாய்ந்துவிட்டது. கூலி வேலையிலிருந்து ஓடிவந்த அம்மா அதன்மேல் சாக்கைப் போட்டு, குடிக்க வைத்திருந்த இரண்டு குடம் தண்ணீரையும் ஊற்றினாள்.

"நமக்கும்மா?" என்றேன்.

"நாம நாலு வூட்ல கேட்டு வாங்கிக் குடிப்போம்டி. அது யார்ட்ட கேக்கும்?"

பொழுது சாயுமுன் செவலை எழுந்தது. அந்த வாரமே கன்றும் ஈன்றது.

"பொழச்சுக்குமா மேடம்?" என்று அக்கா கேட்டார்.

மறுபடி எண்ணினேன். மூச்சு தணிந்திருந்தது. "பயப்படாதீங்கக்கா" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பசு அசைபோடத் தொடங்கியது.