சைக்கிள் எங்கள் மேல் ஏறிய நாள்

போன ஐப்பசியில் நடந்தது. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். புகையில்லாத வளாகம் என்று மாணவர்கள் நாங்களே திட்டம் போட்டு, வாரத்தில் ஒருநாள் எல்லோரும் சைக்கிளில் வருவதென்று முடிவு செய்திருந்தோம். தொண்டை கிழியப் பேசி ஆள் சேர்த்தது நான்தான்.

எங்கள் ஊரிலிருந்து முதல் வருடம் படிக்க வந்த ஒருத்திக்குச் சைக்கிள் என்றால் உயிர். அவளுடைய அப்பாவோ லாரி ஓடும் ரோட்டுக்குப் பயந்து தினமும் தன் பைக்கில் கொண்டுவந்து விடுவார். நான் வீட்டுக்கே போய்க் கெஞ்சினேன். லாரி வராத புஞ்சைக்காட்டுப் பாதை வழியாகக் கூட்டிப்போகிறேன் என்றதும் அரைமனதாக இறங்கி வந்தார்.

“ஒருநா பாப்பேன். ஒழுங்கா வந்து சேந்தா தினமும் போவட்டும். இல்லன்னா சைக்கிளத் தூக்கிப் பரண்ல போட்டுருவேன்” என்றார்.

காலையில் பாதை சிமெண்ட் போல இருந்தது. ஜம்மென்று போனோம். மதியம் ஒரு மழை. கரிசல் மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவள், கொஞ்சம் வெயிலடித்ததும் காய்ந்திருக்கும் என்று நம்பி, சாயங்காலம் அதே பாதையில் வீட்டுக்குக் கிளம்பினேன் பாருங்கள், என்னை என்ன சொல்ல!

பாதி வழியில் சேறு சக்கரத்தில் அப்பி, மட்கார்டுக்குள் இறுகிவிட்டது. குச்சியால் நோண்டினால் நாலடி உருளும், மறுபடி நிற்கும். கடைசியில் ஆளுக்கொரு சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தோம். சிரித்து மாளவில்லை. திடீரென்று அவள் அழுதாள்.

“அக்கா, இன்னையோட முடிஞ்சுது. அப்பா இனி விட மாட்டாவ.”



வளைவைத் தாண்டினால் அவரே நிற்கிறார். எங்களைத் தேடி வந்தவரின் பைக், பாதிச் சக்கரம் புதைந்து அசையாமல் கிடந்தது. எங்களை முறைத்தார். நாங்கள் சைக்கிள்களைக் கீழே வைத்துவிட்டு, பின்னால் போய்த் தள்ளினோம். சக்கரம் வாரியடித்த சேற்றில் எங்கள் முகமே தெரியவில்லை. ஒருவழியாக வண்டி மேட்டில் ஏறியது.

அவர் மூச்சு வாங்கிக்கொண்டே மகளின் சைக்கிளை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்தார்.

“ஏட்டி, இது தூக்கிட்டு நடக்கவாவது ஆவுது. நாளைக்கும் இதுலயே போ. மழை பேஞ்சா மட்டும் ரோட்டு ஓரமா வா” என்றவர், எங்கள் கோலத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

அவள் இன்றும் சைக்கிளில்தான் போகிறாள். யாருக்காவது புத்தி சொல்ல வாய் துறுதுறுக்கும்போதெல்லாம், முதலில் அவர்கள் வண்டியைத் தள்ள நம்மால் முடியுமா என்று பார்த்துக்கொள்கிறேன்.