காப்பிக் களத்தில் ஒரு பல்டி

எண்பதுகளின் தொடக்கத்தில் சேலத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தேன். கல்லூரி நாட்களில் ஜிம்னாஸ்டிக்ஸில் கொஞ்சம் பெயர் வாங்கியவள். ஞாயிறுதோறும் பஸ் ஏறி, மலைமேல் கொட்டச்சேட்டுக்குப் பக்கத்தில் ஒரு காப்பி எஸ்டேட்டுக்குப் போய், அங்கே வேலை செய்பவர்களின் குழந்தைகளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்து வந்தேன். யாரும் அழைக்கவில்லை, நானாகத்தான் போனேன். அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

காப்பிக்கொட்டை காயப்போடும் சிமெண்ட் களம்தான் எங்கள் மைதானம். மெத்தைக்குப் பதில் கொட்டைத் தோலை அடைத்துத் தைத்த சாக்குகள். உருளுவதற்கு அது போதும். அந்தரத்திலிருந்து விழுவதற்குப் போதாது. அது எனக்குத் தெரியாமல் இல்லை.

பன்னிரண்டு குழந்தைகளில் ஒருத்திக்கு மட்டும் பத்து வயதிலேயே உடம்பு சொன்னபடி கேட்டது. தலைகீழாக நிற்பதை ஒரே நாளில் கற்றுக்கொண்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. எஸ்டேட் முதலாளியின் விருந்தாளிகள் வரும் நாளில் அவளை அந்தரத்தில் பல்டி அடிக்க வைத்துக் காட்டுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

"பண்ணுவியா கண்ணு?" என்று கேட்டேன்.

"சரிங்க டீச்சர்" என்றாள்.

பயமாக இருக்கிறதா என்று கேட்டதற்கும் "இல்லீங்க டீச்சர்" என்றுதான் சொன்னாள்.

மூன்று வாரம் இடுப்பில் கை கொடுத்துப் பழக்கினேன். நான்காவது ஞாயிறு கையை எடுத்துவிட்டேன். ஓடி வந்து, மரப்பெட்டியில் கால் வைத்து எழும்ப வேண்டும். ஓடி வந்தவள் பாதியில் நின்று என்னைப் பார்த்தாள். நான் கைதட்டி, "ம், வா வா!" என்று அவசரப்படுத்தினேன். மறுபடி போய் ஓடி வந்தாள். எழும்பினாள். ஆனால் முழுதாகச் சுழலவில்லை. கழுத்தும் தோளும் முதலில் தரையில் மோதின.

கண் திறந்திருந்தது, கை கால் அசையவில்லை. கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டர் ஒரு கதவைக் கழற்றிக்கொண்டு வந்தார். அதில் படுக்க வைத்து, கழுத்து ஆடாமல் நான் பிடித்துக்கொள்ள, ஜீப் சேலத்துக்கு இறங்கியது. அவளுடைய அம்மா காலடியில் உட்கார்ந்து பிள்ளையின் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அந்த நேரத்தில் அவள் மெல்லக் கேட்டாள்: "டீச்சர், நான் தப்பாப் பண்ணிட்டேனுங்களா?"



அடிவாரம் வரும்போது அவளுடைய கால்விரல் அசைந்தது. அம்மாதான் முதலில் பார்த்தார். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து, தோள்பட்டை எலும்புதான் முறிந்திருக்கிறது, கழுத்து மயிரிழையில் தப்பியது என்றார்கள். நான் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அழுவாதீங்க டீச்சர். நாலு நாளா பயமா இருக்குதுன்னு ஊட்டுல சொல்லிட்டுத்தானுங்க இருந்தா. நாந்தான், 'நமக்காவ மழை வெயிலு பாக்காம வர்றாங்க, அவங்ககிட்டப் போயி முடியாதுன்னு சொல்லக் கூடாது சாமி'ன்னு அனுப்பிச்சு உட்டேனுங்க."

செருப்பால் அடித்தது போலிருந்தது. சம்பளம் வாங்கிக்கொண்டு வந்தவளாக இருந்தால் அந்தப் பிள்ளை வாய் திறந்து மறுத்திருக்குமோ என்னவோ. நான் உதவி செய்ய வந்தவளாயிற்றே! அவர்கள் எனக்குத் தந்த மரியாதையைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

விருந்தாளிகளுக்கு வித்தை காட்டும் யோசனையைக் கைவிட்டேன். களத்துக்குப் போவதை மட்டும் விடவில்லை. பிள்ளைகளை உட்கார வைத்து, "பிடிக்கலன்னா மாட்டேன்னு சொல்லணும், டீச்சர் கோவிச்சுக்க மாட்டேன்" என்று வாராவாரம் சொன்னேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்ததோடு சரி.

எலும்பு கூடிய பிறகு அவளும் வந்தாள். உருண்டாள், தலைகீழாக நின்றாள். ஒருநாள் மரப்பெட்டியைக் காட்டி, "ஏறிப் பாக்கறியா கண்ணு?" என்று கேட்டேன். பாவாடை நுனியை முறுக்கிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு தரையைப் பார்த்தபடி, "மாட்டேனுங்க டீச்சர்" என்றாள்.

அவளைக் கட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு எத்தனையோ பிள்ளைகள் என்னிடம் பழகிப் பதக்கம் வாங்கியிருக்கிறார்கள். ஆனால் ஒரு பிள்ளை என்னை முழுதாக நம்பியது அந்த நிமிஷத்தில்தான் என்று இன்றும் நினைக்கிறேன்.