முதலில் கூப்பிட்ட குரல்

மூன்று ஆண்டுகளுக்கு முன், சம்பா நடவு நடந்துகொண்டிருந்த சமயம். திருக்காட்டுப்பள்ளிக்கு அருகே ஒரு கிராமத்துக்கு வேலையாகப் போயிருந்தேன். நான் செவித்திறன் பரிசோதகர். பிறவியிலேயே காது கேளாத குழந்தைகளுக்கு உட்செவியில் காக்ளியர் கருவி பொருத்திய பிறகு பேச்சு எப்படி வளர்கிறது என்று பார்க்கும் ஓர் ஆய்வில் அப்போது தஞ்சாவூரில் இருந்தேன்.

அந்த வீட்டுப் பெண் குழந்தைக்கு இரண்டு வயது. பரிசோதனைகள் எல்லாம் முடிந்து, அறுவை சிகிச்சைக்கு நாளும் கொடுத்தாயிற்று. அவர்கள் வரவில்லை. போனில் சரியான பதிலும் இல்லை. அதனால்தான் நேரில் போனேன்.

பேருந்தில் போகும்போதே சொல்ல வேண்டியதை மனதில் வரிசைப்படுத்திக்கொண்டேன். ஒன்று, பேச்சைப் பிடித்துக்கொள்ளும் திறன் மூளைக்குச் சின்ன வயதில்தான் அதிகம். இரண்டு, ஒலியே வராவிட்டால் மூளை அந்த இடத்தை வேறு வேலைக்குக் கொடுத்துவிடும். மூன்று, தள்ளிப்போட்ட மாதங்கள் திரும்பி வராது.

குழந்தையின் அப்பா வயலிலிருந்து அப்படியே வந்திருந்தார். காலில் சேறு காயவில்லை. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"புரியுதுங்க மேடம். ஆனா இப்ப முடியாது. காதுக்குப் பின்னாடி முடிய வழிக்கணும்கிறாங்க. பாப்பாவுக்கு இன்னும் மொத முடி எடுக்கலை. குலதெய்வத்துக்குக் குடுக்காம தலையில கத்தி படக்கூடாதுங்க."

"அப்ப மொட்டை போட்டுட்டு வந்துடுங்களேன்."

அவர் தலை குனிந்துகொண்டார். குழந்தையின் அம்மாதான் மெல்லச் சொன்னார். கணவருடைய அண்ணன் மாரடைப்பில் இறந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. வருடம் திரும்பும்வரை அந்த வீட்டில் விசேஷம் எதுவும் கிடையாது, கோயிலுக்கும் போகமாட்டார்கள்.

குழந்தை நடுவில் உட்கார்ந்து எவர்சில்வர் தட்டைத் தரையில் ஓங்கித் தட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் எங்கள் மூவருக்கு மட்டும்தான்.

அப்போது பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெண் வந்து வாசலில் நின்றார். நாற்பது வயதிருக்கும். நெற்றியில் பொட்டில்லை. இறந்தவரின் மனைவி என்று சொல்லாமலே தெரிந்தது. நாங்கள் பேசியது அவர் காதில் விழுந்திருக்கிறது.

"தம்பி, யாருக்காகக் காத்திருக்கீங்க? எனக்காகத்தானே?" என்றார்.

"இல்லைங்க அண்ணி, ஊர்ல என்ன சொல்லுவாங்க…"

"ஊரா வந்து புள்ளைக்குப் பேச்சு சொல்லித் தரும்? உங்க அண்ணன் இருந்தா முதுகுல ரெண்டு வச்சிருப்பாரு. அவரு பேரச் சொல்லி இது ஒரு வருசம் கேக்காம கெடக்க வேணாம். வர்ற வெள்ளிக்கிழமை போயி முடி எறக்கிட்டு வாங்க. கேக்கிறவங்களை எங்கிட்ட அனுப்புங்க."

சொல்லிவிட்டு, குழந்தையின் கையிலிருந்த தட்டை வாங்கி ஓரமாக வைத்துவிட்டுப் போனார்.

அந்த வெள்ளிக்கிழமை மொட்டை போட்டார்கள். அந்த அண்ணி மட்டும் கோயிலுக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்துவிட்டாராம். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, சில வாரங்கள் கழித்துக் கருவியை இயக்கிவைக்கும் நாள் வந்தது. அன்று அவரையும் அழைத்து வந்திருந்தார்கள்.

"மொதல்ல அண்ணிதான் கூப்பிடணும்," என்றார் குழந்தையின் அப்பா.

அவர் கதவோரம் நகர்ந்துவிட்டார். "வேணாம் தம்பி. நல்ல காரியம். என் கொரல் மொதல்ல விழ வேணாம்."

குழந்தையின் அம்மா எழுந்துபோனார். "நீங்க சொல்லலைன்னா இன்னைக்கு இங்க வந்தே இருக்க மாட்டோம்க்கா," என்று கையைப் பிடித்து அழைத்துவந்து உட்காரவைத்தார்.

நான் கணினியில் ஒலியின் அளவை மெல்ல மெல்லக் கூட்டி, தலையசைத்தேன்.

"தங்கம்," என்றார்.

குச்சியில் வளையம் கோத்துக்கொண்டிருந்த குழந்தையின் கை அப்படியே நின்றது.

"தங்கம்."

உதடு பிதுங்கியது. வீறிட்டு அழுது அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. "நான்தான் சொன்னேனே," என்று அண்ணி எழப்போனார்.

"உக்காருங்கம்மா," என்றேன். "பாப்பாவுக்குக் கேட்டுடுச்சு. மொதமொதல்ல கேக்குற புள்ளைங்க பல பேரு இப்படித்தான் அழும்."

அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அன்று அந்த அறையில் முதலில் அழுகையை நிறுத்தியது குழந்தைதான்.

இப்போதும் வீடுகளுக்குப் போகும்போது காரணங்களை வரிசைப்படுத்திக்கொண்டுதான் போகிறேன். ஆனால் யாராவது "இப்ப முடியாதுங்க" என்றால், என் காரணங்களைத் தொடங்குவதற்கு முன், அவர்கள் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று கேட்டுவிடுகிறேன்.