அம்மா உதறிய தூசி

அம்மாவுக்கு மூச்சு வாங்குவதை முதலில் கவனித்தது வீட்டில் இருந்தவர்கள் இல்லை. லிங்கராஜபுரத்தில் எங்கள் தெருவுக்குப் பக்கத்திலேயே இருக்கும் சர்ச்சில் அவளோடு பாடுகிறவர்கள்தான் கவனித்தார்கள். நீளமான வரி வந்தால் பாதியிலேயே நிறுத்திவிடுகிறாள், முன்பெல்லாம் இப்படி இல்லையே என்று ஒருத்தி என்னிடம் சொன்னாள். அம்மாவிடம் கேட்டேன். வயதாகிறது இல்லையா என்று சிரித்தாள். அடுத்த சில வாரங்களில் மாடிக்குத் துணி உலர்த்தப் போகிறவள் நடுப்படியில் உட்கார்ந்துவிட்டு ஏற ஆரம்பித்தாள்.

தெருமுனை டாக்டர் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். வலது பக்க நுரையீரலைச் சுற்றி நீர் சேர்ந்திருந்தது. டிபியாக இருக்கும் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். அம்மா ஒரு வேளைகூடத் தவறாமல் சாப்பிட்டாள். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவதைப் பார்த்துப் பயந்தாள், வாந்தி எடுத்தாள், இளைத்தாள். மூச்சு மட்டும் திரும்பவில்லை. முதுகில் ஊசி போட்டு நீரை எடுத்தால் ஒரு வாரம் நன்றாக இருப்பாள், பிறகு மறுபடியும் சேர்ந்துவிடும். முதலில் வெளிர் மஞ்சளாக வந்த நீர் போகப் போகச் சிவந்து வந்தது. அதற்குமேல் தெருமுனை டாக்டரே பயந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

அங்கே விலா எலும்புக்கு நடுவே குழாய் விட்டுச் சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று அப்பாவும் நானும் அம்மாவோடு போனோம். டாக்டர் ஐம்பது வயதுப் பெண்மணி. கோப்பை மூடி வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்துக் கன்னடத்தில், எந்த ஃபேக்டரியிலாவது வேலை பார்த்திருக்கிறீர்களா அம்மா என்று கேட்டார். இல்லை, வீட்டு வேலை மட்டும்தான் என்று அம்மாவும் கன்னடத்திலேயே சொன்னாள். பிறகு டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார். மீசோதெலியோமா. நுரையீரலைப் போர்த்தியிருக்கும் சவ்வில் வரும் புற்றுநோய். பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ் நார் மூச்சில் போனவர்களுக்குத்தான் வரும், போய் முப்பது நாற்பது வருஷம் கழித்துக்கூட வரும் என்றார்.

அம்மாவுக்கு ஆஸ்பெஸ்டாஸ் என்றால் கூரை ஷீட்டுதான். "நம்ம வீடு கான்கிரீட் மோல்டிங் போட்ட வீடாச்சே. ஷீட்டே கிடையாதே" என்று என்னிடம் தமிழில் சொன்னாள், டாக்டர் ஏதோ தப்பாக எண்ணிக்கொண்டார் என்பதுபோல.

டாக்டர் அப்பாவின் பக்கம் திரும்பி, நீங்கள் என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டார். விமானங்களைப் பழுது பார்க்கும் ஹேங்கரில் இருந்தேன், பிரேக் செக்‌ஷன் என்றார் அப்பா. வேலை உடுப்பை யார் துவைத்தது என்று டாக்டர் கேட்டார்.

அப்பா கைகளை முழங்கால்மேல் வைத்தபடி மேஜையையே பார்த்தார். பிறகு, "இவதான்" என்றார்.

அப்பாவின் வேலையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் பெருமையாகச் சொன்னவைதான். தரையிறங்குகிற விமானத்தின் மொத்தக் கனத்தையும் பிடித்து நிறுத்துவது பிரேக். அந்த பிரேக்கைத் தன் கைகளால் கழற்றி மாட்டியவர் அவர். சக்கரத்தை உரசி நிறுத்தும் லைனிங் பட்டைகள் தேய்ந்து உதிர்ந்த சாம்பல் நிறப் பொடி சக்கரத்துக்குள் அப்பியிருக்குமாம். காற்றுக் குழாயைப் பிடித்து ஊதினால் புகை மாதிரி எழும்பி நிற்குமாம். யாரும் முகமூடி போட்டதில்லை. இன்ஜின் பக்கத்துக் குழாய்களுக்குச் சூடு தாங்கும் துணி சுற்றுவார்கள், அதைக் கத்தரியால் வெட்டுவார்கள். மிஞ்சிய துணியை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு சாப்பாட்டு இடைவேளையில் படுப்பார்கள். அந்த லைனிங்கிலும் அந்தத் துணியிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது.

சனிக்கிழமை மதியம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அழுக்கு ஓவரால் உடுப்பைச் சுருட்டிப் பையில் எடுத்து வருவார். அம்மா அதை மாடிக்குக் கொண்டுபோய், உள்பக்கம் வெளியே புரட்டி, கைப்பிடிச் சுவரில் ஓங்கி ஓங்கி அடிப்பாள். பொடி போகாமல் ஊறவைத்தால் தண்ணீர் சேறாகிவிடும் என்பாள். பக்கத்தில் பாயை விரித்து நான் வீட்டுப்பாடம் எழுதுவேன். சில நாள் என் நோட்டில் படிந்த தூசியை அவள் ஊதிக் கொடுப்பாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அம்மா அடுப்படிக்குப் போய் அரிசி களைந்தாள். அப்பா வாசற்படியைத் தாண்டாமல் அடுப்படிக்கு வெளியே நின்றார்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று அம்மா திரும்பாமலே கேட்டாள்.

"சத்தியமா தெரியாது."

"அத்தன வருஷத்துல யாரும் ஒரு வார்த்த சொல்லலியா?"

"பெயின்ட் அடிக்கிறப்ப மாஸ்க் போடச் சொன்னாங்க. பிரேக் தூசிக்கு ஒண்ணும் சொல்லல."

"கம்பெனிலயே துவைச்சிருக்கலாம் இல்லங்க" என்றாள் அம்மா. குரலில் கோபம் இருந்தது. ஆனால் அது அப்பாவின் மேல் மட்டும் இல்லை. "பெரிய ஆபீசருங்க பொண்டாட்டி எவளாச்சும் இதெல்லாம் உதறினாளா?"

அன்று அம்மா அப்பாவுக்குச் சோறு போட்டாள், பேசவில்லை.

அறுவை சிகிச்சை செய்யும் கட்டத்தைத் தாண்டிவிட்டது என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். மருந்து ஏற்றினால் கொஞ்ச காலம் தள்ளிப்போடலாம். மருந்து ஏற்றினோம். அம்மாவின் வாய் புண்ணாகித் தண்ணீர்கூட எரிந்தது. மார்பைச் சுற்றி யாரோ பெல்ட்டை இறுக்கிக்கொண்டே போகிறார்கள் என்பாள். நீர் சேராமல் இருக்க விலாவில் நிரந்தரமாக ஒரு குழாய் பொருத்தி அனுப்பினார்கள். அதைத் திறந்து பாட்டிலில் வடிப்பதை நர்ஸிடமிருந்து அப்பா கற்றுக்கொண்டார். என்னைச் செய்யவே விடமாட்டார். கையைச் சோப்புப் போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவுவார். போதும், தோல் உரியப்போகிறது என்று அம்மாதான் நிறுத்துவாள்.

சர்ச்சிலிருந்து அவளுடைய குழு ஒரு ஞாயிறு மதியம் வந்தது. பாடட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று கையைக் காட்டினாள். அவர்கள் போனபின் என்னிடம், "பாட்ட கேட்டா நானும் கூடப் பாடணும்னு மூச்ச இழுக்குறேன். வலிக்குது" என்றாள்.

அப்பாவால் வீட்டில் உட்கார முடியவில்லை. பழைய வேலையிடத்துக்குப் போய், வெயிலில் கேட்டருகே நின்று, உள்ளே ஓர் அதிகாரியைப் பார்த்தார். அவர் காபி வரவழைத்துக் கொடுத்து மரியாதையாகத்தான் பேசினாராம். இப்போது அந்த மாதிரி பிரேக்கே வருவதில்லை, உங்கள் மனைவி எங்கள் ஊழியரும் இல்லையே என்றாராம். திரும்பி வந்து அதை அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று என்னைக் கேட்டுக்கொண்டார்.

பிறகு தன்னோடு வேலை பார்த்தவர்களின் வீடுகளுக்குப் போக ஆரம்பித்தார். உங்களையும் உங்கள் வீட்டுப் பெண்களையும் டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்வதற்காக. சிலர் கேட்டுக்கொண்டார்கள். சிலர், பெண்டாட்டிக்கு உடம்பு சரியில்லாத துக்கத்தில் இவர் புத்தி தடுமாறிவிட்டது என்று நினைத்தார்கள். ஒக்கலிபுரத்துக்கு என்னையும் அழைத்துப் போனார். பிரேக் செக்‌ஷனில் அப்பாவுக்கு எதிர் மேஜையில் வேலை பார்த்த நண்பரின் வீடு அங்கே இருந்தது. நண்பர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஆஸ்துமா என்று சொல்லியிருந்தார்கள். அவர் மனைவி மட்டும் மகன் குடும்பத்தோடு இருந்தார்.

அப்பா தயங்கித் தயங்கி எல்லாவற்றையும் சொன்னார். அந்த அம்மாள் முந்தானையைப் பிசைந்துகொண்டே கேட்டார். "அவரு போயே போயிட்டாரு. இப்ப வந்து என்னையும் பயமுறுத்துறீங்களே அண்ணா" என்றார். அப்பா எழுந்துவிட்டார். மன்னித்துக்கொள் தங்கச்சி என்றார்.

செருப்பு மாட்டும்போது அந்த அம்மாள் வாசல்வரை வந்து, உள்ளே ஒரு முறை பார்த்துவிட்டு என் காதருகே பேசினார். "அவரு டிரஸ் எல்லாம் நானும்தாம்மா கையில துவைச்சேன். பையன்கிட்ட சொல்லாத. பயந்துக்குவான்." டாக்டரைப் பாருங்கள், நானே கூட்டிப்போகிறேன் என்றேன். தலையாட்டினார். அதன்பிறகு என் போனை அவர் எடுக்கவே இல்லை.

கடைசி நாட்களில் அம்மாவால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு அடைத்தது. கட்டிலில் உட்காரவைத்து, அப்பா அவள் பின்னால் தலையணை மாதிரி உட்கார்ந்து, தன் மார்பில் சாய்த்துக்கொள்வார். ஒரு நாள் நான் கஞ்சி எடுத்து வந்தபோது அவள் அப்பாவின் கையைப் பிடித்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே நிறுத்தினாள். "நீங்களும் தெரிஞ்சா செஞ்சீங்க" என்பது மட்டும் காதில் விழுந்தது. அப்பா குலுங்கிக் குலுங்கி அழுதார். அவர் குலுங்கியதில் அவளுக்கு வலித்திருக்கும். ஆனாலும் அவள் கையை விடவில்லை. அதற்கடுத்த வாரம் ஒரு மத்தியானம், அப்படியே அவர்மேல் சாய்ந்த நிலையில் போய்விட்டாள். போனது தெரியாமல் அப்பா வெகுநேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

ஒக்கலிபுரத்து அம்மாள் அடக்கத்துக்கு வந்தார். கல்லறைத் தோட்டத்தில் என் பக்கத்தில் நின்றபோது டாக்டரைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "தெரிஞ்சுகிட்டு என்னம்மா பண்ணப்போறேன்" என்றார். அம்மாவுக்கு நாங்கள் தெரிந்துகொண்டதில் என்ன ஆயிற்று?

அப்பாவையும் ஸ்கேன் எடுக்கவைத்தேன். நுரையீரல் உறையில் தடித்த தழும்புகள் இருக்கின்றன, புற்றுநோய் இல்லை, வருஷாவருஷம் பார்க்கவேண்டும் என்றார் அதே டாக்டர். வெளியே வந்ததும் அப்பா ஆஸ்பத்திரிச் சுவரில் கையை ஊன்றி நின்றுவிட்டார். ஊதினது நான், கழற்றினது நான், எனக்கு வந்திருக்கவேண்டியது என்று சொன்னார். வழியில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

என் ஸ்கேனில் ஒன்றும் இல்லை. இப்போதைக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னார். அந்த 'இப்போதைக்கு'தான் வீடுவரை கூடவே வந்தது. நான் டீச்சர், என் வகுப்பு இரண்டாம் மாடியில். முதல் மாடித் திருப்பத்தில் சில நாள் நின்றுவிடுகிறேன். மூச்சு இரைப்பது வயதாலா, எடையாலா, வேறு எதனாலா என்று தெரியாமல், பிள்ளைகள் என்னைத் தாண்டி ஓடும்வரை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருப்பேன். சாயங்காலம் பள்ளி விடும் நேரத்தில் அப்பா போன் செய்வார். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்பதற்கு முன்னால், மூச்சு எப்படி இருக்கிறது என்பார். நன்றாக இருக்கிறதப்பா என்கிறேன். அவர் நம்புவதில்லை.